தண்ணீர் குறையாத படகு

எருமப்பட்டி தோட்டம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை திரு. நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் கந்தப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் மாடுகளும் தென்னை மரங்களும் நலம். உங்கள் அத்தை சௌந்திரம் நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அவ்விடம் தாங்களும் என் மகள் தனப்பிரியாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். கொச்சியில் காயல் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது. வருகிற ஆடி நோம்பிக்குத் தாங்கள் மகளை அழைத்துக்கொண்டு முந்தின நாளே வந்து, ஒன்றாம் தேதி எங்களோடு தேங்காய் சுட்டு, விருந்து சாப்பிட்டு, நாலு நாள் தங்கிப் போக வேண்டும் என்று முறைப்படி அழைக்கிறேன். போகும்போது, தாங்கள் வாங்கிக் கொடுத்த ரப்பர் படகைக் காற்றைப் பிடுங்கி, மடித்து, கார் டிக்கியில் போட்டு எடுத்துப்போய்விட வேண்டும் என்றும் அதே முறைப்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னால் அனுப்பிய பம்பையும் சேர்த்து.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், குடும்பக் குழுவில் நான் காலை வணக்கம் போட்டால்கூட அவள்தான் முதலில் பார்க்கிறாள். இன்னொன்று, நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று ஆரம்பித்ததும் எனக்குக் கோபம் பாதி இறங்கிப்போகிறது. இந்தத் தடவை அது இறங்கக்கூடாது என்றுதான் காகிதம் எடுத்தேன். மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் அப்பன் சொன்னதில்லை, அவருடைய அப்பனும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதத்தில் நான் படகைத்தான் திட்டுகிறேன், பம்பைத்தான் திட்டுகிறேன். அவற்றை வாங்கி அனுப்பிய புண்ணியவான் யார் என்பதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

உங்களுக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். மீதியை உங்கள் அத்தை வீடியோ காலில் சிரித்துச் சிரித்தே மறைத்துவிட்டாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பொழுது போகவில்லை என்று அவள் பண்ணைக்குட்டையில் மீன் குஞ்சு விட்டது உங்களுக்குத் தெரியும். கட்லாவும் ரோகுவும். வளர்க்கிறாளே தவிர, குழம்பு வைக்க ஒன்றைப் பிடி என்றால் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கரையில் நின்று தவிடு வீசினால் கரையோர மீன்தான் தின்கிறது, நடுவில் இருப்பதெல்லாம் பட்டினி கிடக்கிறது என்று உங்களிடம் ஒரு நாள் வருத்தப்பட்டுச் சொன்னாள். நீங்கள் "அதுக்கென்னங்க அத்தை" என்றீர்கள். அடுத்த வாரம் பார்சலில் படகு வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் ஏரிக்கே படகு கிடையாது. குட்டைக்குப் படகு விட்ட முதல் குடும்பம் நாமாகத்தான் இருக்கும்.

அந்தக் குட்டையை நீங்கள் கரையில் நின்று போட்டோ எடுத்ததோடு சரி. அதன் ஆழத்தில் என் தலைமேல் இன்னொரு ஆள் நிற்கலாம். நாலு பக்கமும் சரிவில் கறுப்புத் தார்ப்பாய் விரித்திருக்கிறது. அதில் பாசி பிடித்துக் கிடப்பதால் உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற ஒரு கல்கூடக் கிடையாது. உங்கள் அத்தைக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. ரிக் வண்டி வைத்து ஆந்திரா, மத்தியப் பிரதேசம் எல்லாம் போய் போர்வெல் போட்டவன் நான். பூமிக்கு அடியில் ஆயிரம் அடியில் இருக்கும் தண்ணீரோடுதான் எனக்குப் பழக்கம். கழுத்துக்கு வரும் தண்ணீரோடு பழக்கமில்லை. அந்தக் குட்டைக்கு நடுவில் என் பெண்சாதி ஒரு காற்றுப் பையின்மேல் உட்கார்ந்து தவிடு வீசிக்கொண்டிருக்கிறாள், தினமும், காலையும் மாலையும். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் நாளே முதலுக்கு மோசம் வந்தது. புது வண்டி வந்தால் பூஜை போடாமல் எடுக்கலாமா? சந்தனம், குங்குமம் வைத்தோம். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கலாம் என்று பார்த்தால் அதற்கு டயரே இல்லை. சரியென்று படகை நாங்களே பிடித்துப் பழத்தின்மேல் இழுத்து நசுக்கினோம். அதன்பின் நான் முறைப்படி முன்னால் தேங்காய் உடைத்தேன். ஓங்கித்தான் உடைத்தேன், ரிக் வண்டிக்கு உடைத்துப் பழகிய கை. சில்லெல்லாம் சிதறியது. படகைக் குட்டையில் தள்ளும்போது ஒரு சில்லு அடியில் மாட்டி ரப்பரைக் கிழித்துவிட்டது. இதில் என் தவறு என்ன என்று சொல்லுங்கள். தேங்காய் உடைத்தால் தாங்காத வண்டி உலகத்தில் உண்டா? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பஞ்சர் ஒட்டினோம். ஒட்டின இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசிந்தது. அதோடு அவள் பாசி அள்ளும் ஈர வலையையும் கூடையையும் உள்ளே போட்டுப் போட்டு, தினமும் கணுக்கால் தண்ணீரில்தான் சவாரி.

இத்தோடு படகை மூட்டை கட்டு என்றேன். "ஏனுங்க, மாப்பிள்ளை அத்தன ஆசையா வாங்கிக் குடுத்துருக்கறாங்க. ஏறாம மூலைல போட்டா அவிய மனசு என்ன பாடுபடும்?" என்றாள். உங்கள் மனசைப் பற்றி அவளுக்கு இருக்கும் கவலையில் கால் பங்கு என் மனசைப் பற்றி இருந்திருந்தால் நான் இன்றைக்குக் கிளி மாதிரி இருப்பேன். வேறு வழியில்லாமல்தான் உங்களுக்குப் போன் செய்து, படகில் தண்ணீர் தேங்குகிறது என்றேன். படகை எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்துச் சொன்னேன். நீங்கள் பம்பு அனுப்பினீர்கள்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு சாமான், சோறு கட்டும் சம்படம் அளவுக்கு இருக்கிறது. எருமப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் காளிதாஸை வரச்சொன்னேன். அவன் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது மோட்டாருங்களா, மோட்டார் போட்ட குட்டிங்களா?" என்று கேட்டான். எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து தூக்காத எதையும் மோட்டார் என்று சொல்வதில்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுமாம். பழைய ரிக் வண்டியின் பேட்டரி ஒன்று கிடந்தது. அதைச் சார்ஜ் ஏற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தோம். பம்பை எப்படி மாட்டுவது என்று உங்களையே கேட்டேன். தரைப் பலகையில் பசை போட்டு ஒட்டுங்கள், ஆனால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றீர்கள். மோட்டாரைப் பசை போட்டு ஒட்டுவதா? அது என்ன கோயில் திருவிழா போஸ்டரா? நீங்கள் சொன்ன இரண்டில் பசை என்பதை நான் ஏதோ வாய் தவறி வந்தது என்று விட்டுவிட்டு, இறுக்கம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். காளிதாஸ் சின்ன திருகு ஆணி போதும் என்றான். மோட்டார் ஆடினால் அது மோட்டாரே இல்லை என்று சொல்லி நான்தான் வண்டி சாமான் டப்பாவில் இருந்து நல்ல நீளமான ஆணியாக எடுத்துக் கொடுத்தேன். நாலு மூலையிலும் ஏற்றி முறுக்கினோம். யானை கட்டி இழுத்தாலும் அசையாது. அந்த அளவுக்கு இறுக்கம், நீங்கள் சொன்னபடியே.

படகைக் குட்டையில் இறக்கி, கயிறு கட்டிக் கரையில் பிடித்துக்கொண்டோம். உங்கள் அத்தை தவிட்டுச் சட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். காளிதாஸ் சுவிட்சைப் போட்டான். எடுத்த எடுப்பில் குழாயில் தண்ணீர் கொட்டியது. பெருவிரல் தடிமனில், விட்டு விட்டு வராமல், ஒரே சீராக. நான் எத்தனையோ போரில் முதல் தண்ணீர் பார்த்திருக்கிறேன். பல இடத்தில் கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டுத் தண்ணீர் அறுந்துபோய், மோட்டார் வெறும் காற்றை இழுக்கும்போது தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. இதில் அந்தக் குறை அறவே இல்லை. நானும் காளிதாஸும் கரையில் நின்று கண் குளிரப் பார்த்தோம். "டெலிவரி பாருங்கண்ணா, அப்பிடியே நிக்குது," என்றான் அவன். குட்டிப் பம்பைக் குறைவாகப் பேசிவிட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. உங்களைப் பற்றி அன்று அரை மணி நேரம் நல்லவிதமாக நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தை உள்ளேயிருந்து, "ஏனுங்க, தண்ணி கொறையவே இல்லீங்களே," என்றாள். "கொறையாது புள்ள. ஊத்து அப்பிடி," என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் முழங்கால்வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "படகுக்குள்ள எங்கிருந்துங்க ஊத்து வருது?" என்றாள்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஆணி நாலும் பலகையைத் தாண்டி, அடி ரப்பரையும் தாண்டி, குட்டைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பம்பு குட்டைத் தண்ணீரைப் படகு வழியாக எடுத்துக் குட்டைக்கே விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அதை மெச்சிக்கொண்டு நின்றிருந்தோம். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் தவிட்டுச் சட்டி மிதந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இதைச் சொன்னபோது நீங்கள் போனில் இருமினீர்கள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எனக்குத் தெரியும். தனப்பிரியாவும் பக்கத்தில் இருந்து இருமினாள்.

பிறகு பசை போட்டே ஒட்டினோம். ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். அடுத்து வெளியே போகும் குழாய். உங்கள் அத்தை சேலையில் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று காளிதாஸ் நல்ல எண்ணத்தில் குழாயின் நுனியைக் குட்டைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டான். மோட்டார் ஓடும்வரை சரி. மோட்டார் நின்றதும் போன தண்ணீர் எல்லாம் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்தது, கூடவே சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொண்டு. "வால்வு இல்லாம பைப்பு எறக்கலாமா? இத்தன வருசம் என்ன தொழில் பாத்த?" என்று அவனைப் பிடித்துக் கத்தினேன். நான் கத்தி முடிப்பதற்குள் உங்கள் அத்தை அரிவாளால் குழாயை நறுக்கி, நுனியை மேலே கயிற்றில் தூக்கிக் கட்டிவிட்டாள். அதோடு அது தீர்ந்தது. இன்றுவரை அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கண்ணால் என்னையும் பார்க்கிறாள்.

அதன்பின் அந்த மிதவை சுவிட்ச். தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பித் தானாக மோட்டார் ஓடும், தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மோட்டார் ஓடவே இல்லை. உள்ளே தண்ணீர் கிடக்கிறது, மிதவை அசையவில்லை. காளிதாஸ் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைத் தென்னை மரத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பம்பு அந்தக் கோடீல இருக்குதுங்க. அக்கா இந்தக் கோடீல உக்கார்றாங்க. தண்ணியெல்லாம் அக்காகிட்டயே போயிருதுங்க," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் தோட்டத்தில் சத்தத்தை மறைக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் காப்பி கிடையாது. பம்பை இந்தக் கோடிக்கு மாற்றினால், அவள் அந்தக் கோடியில் போய் உட்காருகிறாள். "எனக்கு எடஞ்சலா இருக்குது" என்கிறாள். நடுவில் வைத்தால் கால் வைக்க இடமில்லை. கடைசியில் மிதவையைக் கழற்றிவிட்டு, கையால் போடும் சுவிட்சாக மாற்றினோம். அவள் மீனைப் பார்த்தால் சுவிட்சை மறந்துவிடுவாள். இதுதான் நீங்கள் சொன்ன நம்பகமான பம்பு.

இதுவரை எழுதியதெல்லாம் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒருவேளை அடுத்த வருஷம் சிரிப்பேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மேற்கே கறுத்திருந்தது. போகாதே என்றேன். மழைக்கு முன்னால்தான் மீன் நன்றாகத் தீனி எடுக்கும் என்று போய்விட்டாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அது ஆனியிலேயே வந்தது. காற்றடைத்த பையை அது விட்டுவைக்குமா? படகு சுழன்றுகொண்டே நடுக்குட்டைக்குப் போனது. மழை கொட்டியது. தவிட்டுச் சட்டி சாய்ந்து, தவிடு எல்லாம் உள்தண்ணீரில் கரைந்து கூழாகிப் பம்பின் வாயை அடைத்துக்கொண்டது. மோட்டார் ஒரு முனகு முனகிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது, மேலே மழை, அவள் ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கரையில். எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. கத்தினேன். பேர் சொல்லிக் கத்தினேன். சாளை வீட்டுக்கு ஓடிப்போய்க் கயிற்றை எடுத்து, வீசுவதற்குக் கனம் வேண்டுமே என்று நுனியில் ரிக் வண்டியின் பெரிய ஸ்பேனரைக் கட்டி ஓங்கினேன். அவள் அங்கிருந்து, "அத எறியாதீங்க. பட்டா ஓட்ட உழுந்துரும்," என்றாள். வீட்டு வாசலில் நின்று பக்கத்துத் தோட்டத்துக்காரியோடு பேசுவதுபோல் அத்தனை நிதானமாகச் சொன்னாள். பிறகு சட்டியாலேயே தண்ணீரை மொண்டு ஊற்றி, கொஞ்சம் துடுப்புப் போட்டு, மறுபடி மொண்டு ஊற்றி, மெல்ல மெல்லக் கரைக்கு வந்தாள். நான் தார்ப்பாயில் படுத்துக் கையை நீட்டித் தூக்கினேன். கரையேறியதும், சேலையைப் பிழிந்துகொண்டே, "எதுக்குங்க இந்தக் கத்துக் கத்தறீங்க? மீனெல்லாம் பயந்து அடிக்குப் போயிருச்சு," என்றாள்.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோறு ஒழுங்காக இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் அந்தக் குட்டைக்கு நடுவில் சுழல்வதுதான் தெரிகிறது. அவளோ மறுநாள் காலையிலேயே பம்பைக் கழற்றி, தவிட்டைத் துடைப்பக் குச்சியால் குத்தி எடுத்துவிட்டு, மறுபடி போய்விட்டாள். இனிமேல் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "அப்ப நீங்களே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, உங்க படகு எங்களுக்கு வேண்டாமுன்னு," என்றாள். என்னால் முடியாது என்று தெரிந்துதான் சொன்னாள். மாப்பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்று சொன்ன மாமனார் என்று எனக்குப் பேர் வர வேண்டுமா?

ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். என் பேச்சு அவள் காதில் ஏறுவதில்லை, உங்கள் பேச்சு என்றால் வேதவாக்கு. நோம்பிக்கு வந்ததும், "அத்தை, அந்தப் படகு எனக்கு வேணுமுங்க," என்று ஒரே ஒரு வார்த்தை. காரணம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கொச்சியில் படகுக்குப் பஞ்சம் என்று சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் அதையும் நம்புவாள். நீங்கள் கேட்கவில்லை என்றால் வழக்கமாவது மண்ணாவது, நான் அரிவாளை எடுத்துப் படகைக் கிழித்து மாட்டுக் கொட்டகைக்கு மறைப்புக் கட்டிவிடுவேன். பம்பை எருக்குழியில் போட்டுவிடுவேன். அதற்கு மேல் நீங்கள் கோபித்துக்கொண்டு ஆடிக்கு வராவிட்டாலும் வராமல் இருங்கள். எனக்கு என் பெண்சாதி வேண்டும்.

தனப்பிரியாவுக்கு என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அந்தப் பம்பைச் செய்தவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இருப்பதைக் காகிதத்தில் எழுத முடியாது. தங்கள் குலதெய்வமும் எங்கள் குலதெய்வமும் தங்களைக் குறைவின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லாத மாமனார்,
கந்தப்பன்.

பி.கு.: கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பினேன். எங்கே என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு நோம்பி அழைப்பு என்றேன். "போறதுக்கு முந்தி ஒருக்கா வந்து படகுல ஏறுங்க. ஒரு நாளும் ஏறாமயே அதத் திட்டறீங்க," என்றாள். பயந்தவன் என்று பேர் வாங்கக் கூடாது என்றுதான் ஏறினேன். ஏறுவதற்குள் இரண்டு முறை தவழ்ந்தேன், அதை விடுங்கள். பம்பைச் சுற்றி ஒரு காய்கறிக் கூடையை வெட்டிக் கவிழ்த்து, அதன்மேல் பழைய நைலான் துணி கட்டி வைத்திருக்கிறாள், இனித் தவிடு உள்ளே போகாதாம். கழற்றிப் போட்ட மிதவையையும் காளிதாஸைக் கூப்பிட்டு மறுபடி மாட்டியிருக்கிறாள். அவனுக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள், அதுவும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவள் ஒரு கோடியில் உட்கார்ந்தாள், பம்பு இருக்கும் கோடியில் நான் உட்கார்ந்தேன். படகு கிட்டத்தட்டச் சமமாக நின்றது. என் கனம் அவளுடையதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் போலிருக்கிறது, கிடந்த தண்ணீர் எல்லாம் மெல்ல என் காலடிக்கு வந்து சேர்ந்தது. மிதவை எழும்பியது. பம்பு தானாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் தீர்ந்து தானாக நின்றது. தண்ணீர் தீர்ந்து மோட்டார் நின்றதைப் பார்த்து என் ஆயுளில் நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

நடுக்குட்டையில் அவள் தவிட்டை வீசினாள். அடியில் இருந்து பெரிசு பெரிசாக மேலே வந்தன. கரையில் நிற்கும் எனக்கு இத்தனை நாள் அது தெரியவே இல்லை. ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினாள். காலை வெயில் ஏறும்வரை நாங்கள் கரைக்கு வரவில்லை.

மேலே எழுதியதில் ஆடி நோம்பி அழைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும். கோபப்பட்டது பொய்யில்லை, அதனால் கிழிக்காமல் அனுப்புகிறேன். படகை நீங்கள் கேட்க வேண்டாம். தெரியாத்தனமாகக்கூடக் கேட்டுவிட வேண்டாம். தினமும் நானும் கூட ஏறுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், இல்லாவிட்டால் தண்ணீர் பம்புப் பக்கம் வராது. உங்களிடம் கேட்பது இன்னொன்றுதான். தண்ணீரில் மிதக்கும் சட்டை, லைஃப் ஜாக்கெட் என்கிறார்களே, அதில் இரண்டு அனுப்பவும். எனக்குப் பெரிய அளவு. அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தால் போட மாட்டாள். நீங்கள் ஆசையாக அனுப்பியது என்றால், உங்கள் மனசு நோகும் என்று கழற்றவே மாட்டாள். நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் அவளுடையதை முதலில் அனுப்பவும்.